பெரிய கால்: கோதாவரிப் பள்ளத்தாக்கின் பாராபாசாரஸ்

போச்சம்பள்ளி என்றால் பலருக்குப் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அவர்கள் தாலுகா நினைவுக்கு வரும். நாம் போகப்போவது இரண்டுக்கும் இல்லை. பிராணஹிதா ஆறு தெற்கே இறங்கிவந்து காளேஸ்வரத்தில் கோதாவரியோடு கலக்கிறது. அதன் எதிர்க்கரையில், மகாராஷ்டிரத்தின் ஒரு கோடியில், சிரோஞ்சா என்று ஒரு சிற்றூர். அந்த வட்டாரத்தில் இருக்கிறது இன்னொரு போச்சம்பள்ளி. அதன் அருகே 1958-ல் சில எலும்புகள் கிடைத்தன. 1960, 1961 ஆண்டுகளில் மீதியைத் தோண்டி எடுத்தார்கள்.

முதலில் கைக்கு வந்தவற்றில் ஒன்று தொடை எலும்பு. நீளம் 1.7 மீட்டர். ஓர் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு எலும்பு. அதை எதிரே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் அந்த விலங்கை என்னவென்று கூப்பிடுவார்கள்? ‘பரா பா’ என்றார்கள். வங்காளம் முதலான சில மொழிகளில் ‘பெரிய கால்’ என்று பொருள். தோண்டும் இடத்தில் வேலைக்காக வைத்த அந்தச் செல்லப்பெயரே 1975-ல் அறிவியல் பெயராகவும் நிலைத்துவிட்டது: பாராபாசாரஸ் தாகூரி.

பின்பாதி ரவீந்திரநாத் தாகூருக்காக. 1961 அவர் பிறந்த நூற்றாண்டு. முன்பாதியைப் பற்றித்தான் இந்த ஆய்வு. நெடுங்கழுத்து டைனோசர் என்றாலே நம் கண் கழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சாரோபாட் என்று அறிவியல் அழைக்கும் அந்தக் கூட்டத்தின் பிறப்பைத் தேடிப் போனால், கழுத்து பழைய சொத்து, கால்தான் புதிது என்று தெரிகிறது. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைக்கவில்லை. கையில் கிடைத்த எலும்பைப் பார்த்து வைத்தார்கள். ஆனாலும் சரியான இடத்தில் போய் விழுந்தது.

புள்ளியியல் கழகத்துக்கு எலும்போடு என்ன வேலை?

தோண்டியவர்கள் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தினர். முதல்முறை கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கழகத்தை 1931-ல் தொடங்கிய பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் இயற்பியல் படித்தவர். பயிர் விளைச்சல், ஆற்று வெள்ளம், மனித உடல் அளவுகள் என்று அளக்க முடிந்த எல்லாவற்றிலும் கை வைத்தவர். எந்த அறிவியலுக்கும் புள்ளியியல் உதவும் என்றால், எல்லா அறிவியலும் புள்ளியியல் கழகத்துக்குள் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. உயிரியலாளர் ஹால்டேன் 1957-ல் அங்கே வந்து சேர்ந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பமேலா லாம்ப்ளூ ராபின்சன் மஹலனோபிஸின் அழைப்பில் வந்து, கழகத்தின் நிலவியல் பிரிவில் இளம் ஆய்வாளர்களைப் பழக்கினார். தாகூரின் விஸ்வபாரதியில் செயலாளர்களில் ஒருவராக இருந்த மஹலனோபிஸின் நிறுவனம், தான் கண்ட டைனோசருக்குத் தாகூரின் பெயரைச் சூட்டியதில் வியக்க ஒன்றுமில்லை.

ராபின்சன் ஏன் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார் என்பதும் முக்கியம். பிராணஹிதா–கோதாவரிப் படுகையில் எலும்பு இருக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். கோட்டா என்ற ஊரின் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த மீன்கள் 1850-களிலேயே லண்டன்வரை போய்விட்டன. நாகபுரியிலிருந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப் இந்தப் பக்கம் தொல்லெச்சம் சேகரித்தவர். ஆனால் அதெல்லாம் கிடைத்ததைப் பொறுக்கிய வேலை. எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு, எதில் எந்த விலங்கு என்று ஒழுங்காக வரைபடம் போட்டுத் தேடியது கழகம் வந்த பிறகுதான்.

குழிக்குள் இருந்தது

சுமார் 300 எலும்புகள். பரப்பு 276 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதல். அந்த ஒரு மனைக்குள் குறைந்தது ஆறு விலங்குகள். எப்படி ஆறு என்று சொல்கிறார்கள்? ஓர் உடலில் ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய எலும்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். இடது தொடை எலும்பு ஆறு இருந்தால், ஆறு விலங்குக்குக் குறையாது. அதனால்தான் ‘குறைந்தது’ என்ற சொல் கூடவே வருகிறது.

எலும்புகளுக்கு நடுவே பெரிய மரத்துண்டுகளும் கல்லாகிக் கிடந்தன. எலும்புகளில் பெரும்பாலானவை மூட்டுப் பிரிந்து சிதறியவை. சில மட்டும் உயிரோடு இருந்தபோது எப்படிச் சேர்ந்திருந்தனவோ அப்படியே இருந்தன. இதை வைத்து ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஒரு மந்தை பெருவெள்ளத்தில் சிக்கியது, வேரோடு பிடுங்கிய மரங்களோடு உடல்களும் அடித்துவரப்பட்டு ஓரிடத்தில் ஒதுங்கின.

வெள்ளம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மரமும் எலும்பும் ஒன்றாகக் கிடக்க அதுவே எளிய காரணம். மந்தை என்பதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒன்றாக வாழ்ந்தவை ஒன்றாகச் செத்தன என்பது ஒன்று. வெவ்வேறு இடத்தில் செத்தவற்றை ஆறு ஒரே வளைவில் சேர்த்தது என்பது இன்னொன்று. வெள்ளம் வடிந்த பிறகு நம் ஆற்றுப் பாலங்களின் தூண்களில் எதெல்லாம் வந்து சிக்கிக் கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கிடைத்ததை வைத்து 14 மீட்டர் நீளமுள்ள ஒரு விலங்கை நிறுத்த முடிந்தது. அந்த எலும்புக்கூடு கொல்கத்தாவில் பி.டி. ரோட்டில் உள்ள கழகத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பெயர் சூட்டிய கட்டுரை 1975-ல் சோகன் லால் ஜெயின், டி.எஸ். குட்டி, தபன் ராய்சௌத்ரி, சங்கர் சட்டர்ஜி நால்வரின் பெயரில் வந்தது. எலும்பு எலும்பாக எடுத்து அளந்து வெளியிட்ட முழு விவரணை 2010-ல்தான் வந்தது. சாஸ்வதி பந்தோபாத்யாயும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியது. இடையில் 35 ஆண்டுகள். உலகின் மிகப் பழைய சாரோபாட்களில் ஒன்று, அதுவும் உடலின் பெரும்பகுதி கிடைத்த ஒன்று, கையில் இருந்தும் இத்தனை காலம் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சுருக்கமான குறிப்புகளை வைத்தே ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் துறையில் இது புதிதல்ல என்றாலும், சொல்லாமல் போகவும் முடியவில்லை.

தலை எங்கே?

பாராபாசாரஸின் மண்டையோடு கிடைக்கவில்லை. 300 எலும்பில் தலையைச் சேர்ந்தது என்று சொல்ல இருப்பவை பற்கள் மட்டுமே: முழுதாக மூன்று, உடைந்தவை மூன்று. கொல்கத்தாவில் நிற்கும் கூட்டுக்குத் தலை வைப்பதென்றால் அதைச் செய்துதான் வைக்க வேண்டும்.

சாரோபாட்களில் இது வழக்கமான குறை. உடலோடு ஒப்பிட்டால் தலை மிகச் சிறியது. மெல்லிய எலும்புகள் லேசாகக் கோத்துவைத்தது போன்ற அமைப்பு. கழுத்தோடு உள்ள பிணைப்பும் பலமில்லை. உடல் அழுகத் தொடங்கியதும் முதலில் கழன்று போவது அதுதான். ஓடும் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்த ஆறு பற்களே நிறையச் சொல்கின்றன. கரண்டிபோல் அகன்ற முனை, முன்னும் பின்னும் ஒரு பள்ளக்கோடு, விளிம்பில் பெரிய பெரிய பற்குறிகள். அகன்ற முனை பிற்காலச் சாரோபாட்களின் அடையாளம். விளிம்புப் பற்குறி முன்னோர்களிடமிருந்து வந்தது. இலையைக் கிள்ளி உருவ ஏற்ற பல், அரைக்க ஏற்றதில்லை. அரைக்காமல் விழுங்குகிறவனுக்குக் கடைவாய் வேண்டாம், தாடைத் தசை வேண்டாம், அதனால் பெரிய தலையும் வேண்டாம். தலை சிறியதானால் அதைச் சுமக்கும் கழுத்து எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். ஜீரணம் முழுக்க வயிற்றின் பொறுப்பு. வயிறு பெரிதாக வேண்டும், உடலும் கூடவே பெருக்க வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது எல்லாம் ஒரே நேரத்தில் திட்டம் போட்டு நடந்த மாதிரி இருக்கிறது. நடந்தது அப்படி இல்லை.

கழுத்து முன்னால் வந்தது

இந்தக் கூட்டத்தின் வேரைப் பார்க்கத் தெற்கு பிரேசிலுக்குப் போக வேண்டும். சுமார் 23.3 கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைத்து 2016-ல் பெயர் பெற்றது புரியோலெஸ்டஸ். ஒன்றரை மீட்டர் நீளம், அதிலும் பாதிக்கு வால். இரண்டு காலில் ஓடும். பல்லைப் பார்த்தால் பின்னோக்கி வளைந்து விளிம்பில் ரம்பம்போல் இருக்கிறது. அதாவது இறைச்சி தின்னி. யானையைவிடப் பெருத்த தழைதின்னிகளின் பங்காளி வகையறாவில் முதல் ஆள், பூச்சியையும் ஓணானையும் துரத்திக்கொண்டிருந்த ஒரு துடுக்குப் பயல். அதே பகுதியில் கிடைத்து 1999-ல் பெயரிடப்பட்ட சட்டர்னாலியாவும் சிறியதுதான்.

அப்புறம் வருகிறது மாக்ரோகோல்லம். பெயருக்கே ‘நீண்ட கழுத்து’ என்று பொருள். பிரேசிலின் அகூடோ பகுதியில் மூன்று எலும்புக்கூடுகள் ஒன்றாகக் கிடைத்து 2018-ல் வெளியானது. வயது சுமார் 22.5 கோடி ஆண்டு. மூன்றரை மீட்டர் நீளமுள்ள விலங்குக்குத் தெளிவான நெடுங்கழுத்து, தழைக்கேற்ற பல், சிறிய தலை. ஆனால் நடந்தது இரண்டு காலில். முன்னங்கால் என்று சொல்ல முடியாது, அது கை.

இதற்கும் புரியோலெஸ்டஸுக்கும் இடையே ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகள். நிலவியல் கணக்கில் கண்மூடித் திறக்கும் நேரம். அதற்குள் கழுத்து நீண்டுவிட்டது, உணவு மாறிவிட்டது. இன்னொன்றும் மாறியிருந்தது. பறவைகளுக்கு நுரையீரலிலிருந்து கிளைத்த காற்றுப்பைகள் எலும்புக்குள்ளேயே நுழைந்திருக்கும் அல்லவா, அதன் தொடக்க அடையாளம் மாக்ரோகோல்லத்தின் முதுகெலும்பில் இருப்பதாக 2023-ல் காட்டினார்கள். புரியோலெஸ்டஸில் அது இல்லை. பாராபாசாரஸிலோ முதுகெலும்பின் பக்கங்களில் குழிவுகள் இருக்கின்றன. பிற்காலத்துப் பெரும் சாரோபாட்களின் எலும்பைத் துளைத்துச் செல்லும் ஆழமான அறைகள் அளவுக்கு இல்லை, மேலோட்டமான பள்ளங்கள். ஆனால் போகிற திசை அதுதான். நீண்ட கழுத்தை இலேசாக வைத்திருக்கும் வித்தை அது.

ஆக, ஜுராசிக்குக்கு முந்தைய டிரையாசிக் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்பே நெடுங்கழுத்து கைவசம் இருந்தது. 1834-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் அருகே கிடைத்து 1837-ல் பெயரிடப்பட்ட பிளேட்டியோசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்த விலங்கு, அதனால் ஊகத்துக்கு இடம் குறைவு. நல்ல நீளக் கழுத்து. ஆனாலும் அது சாரோபாட் இல்லை. நீண்ட காலம் அதை நான்கு காலில் நிற்கவைத்துப் படம் போட்டார்கள். பிறகு மூட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, முன்கையைத் திருப்பி உள்ளங்கையைத் தரையில் பதிக்கவே அதனால் முடியாது என்று தெரிந்தது. கைதட்டுகிற மாதிரி உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அப்படிப்பட்ட கையை ஊன்றி நடக்க முடியாது.

தூண்

இனி கால்.

விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் கூடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். வளர வளர இந்தக் கடன் ஏறிக்கொண்டே போகும். இதில் கால் மடங்கியிருந்தால் இன்னும் மோசம். தோப்புக்கரணம் போடும்போது பாதியில் நிறுத்தி நின்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தொடை நடுங்கும். நிமிர்ந்து நின்றால் அரைமணி நேரம்கூட நிற்கலாம். மடங்கிய காலில் எடையைத் தசை தாங்குகிறது, நிமிர்ந்த காலில் எலும்பு தாங்குகிறது. யானை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

பழைய நெடுங்கழுத்தர்களின் தொடை எலும்பை முன்னிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு நெளிவு இருக்கும். ஓடுகிறவனின் கால். பாராபாசாரஸின் தொடை எலும்பு நேராக இருக்கிறது. வாலிலிருந்து வந்து தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெருந்தசை ஒட்டும் மேடு, எலும்பின் தண்டில் கீழே இறங்கியிருக்கிறது. கீழே ஒட்டினால் இழுவை பலமாகும், வேகம் குறையும். கிணற்று ஏற்றத்தில் கயிறு கட்டும் இடத்தை மாற்றினால் என்ன ஆகுமோ அதுதான். இடுப்பைத் தாங்கும் முள்ளெலும்புகள் முன்னோர்களுக்கு மூன்று, இதற்கு நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. பின்னங்கால் வழியாக ஏறும் பாரம் முதுகெலும்புக்குப் போகும் வாசல் அது. ஒரு கல் கூட வைத்துக் கட்டியாகிவிட்டது. முன்கை எலும்புகள் இரண்டும் இடம் மாறி உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி திரும்பியது சாரோபாட்களின் பொது அடையாளம். கை அங்கே காலாகிவிட்டது.

இவ்வளவும் சேர்ந்தபோதுதான் அது சாரோபாட்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வருகிறது, அதை மறைத்தால் ஆய்வு ஆய்வாக இருக்காது. தூண்கால் வந்ததால் உடல் பெருத்தது என்று முடிச்சுப் போட ஆசை வரும். 2018-ல் இரண்டு கண்டுபிடிப்புகள் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டன. அர்ஜென்டினாவின் சான் ஹுவான் மாகாணத்தில் கிடைத்த இங்கென்டியா டிரையாசிக் காலத்தைச் சேர்ந்தது. அப்போதே பல டன் எடை, கால் மடங்கியது. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த லெடுமஹாடி ஜுராசிக் தொடக்கத்தைச் சேர்ந்தது. 12 டன் என்று மதிப்பிட்டார்கள். நான்கு காலில் நடந்தது, ஆனால் கால்கள் மடங்கியே இருந்தன, பூனை பதுங்குகிற மாதிரி. செசோத்தோ மொழியில் அதன் பெயருக்கு விடியற்கால இடி என்று பொருள்.

எனவே பெரிதாவதற்கு வழி ஒன்றல்ல. மடங்கிய காலோடும் பெருக்க முடிந்திருக்கிறது, செலவு அதிகம் என்றாலும். தூண்கால் கொடுத்தது பெருக்கும் உரிமையை அல்ல, பெருத்த பிறகு மலிவாக நின்று நடக்கும் வசதியை என்று நான் படிக்கிறேன். லெடுமஹாடியின் வகையறா ஜுராசிக்கின் முற்பகுதியோடு காணாமல் போனது. தூண்கால்காரர்கள் இன்னும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் நின்றார்கள்.

ஒரே பள்ளத்தாக்கில்

கோதாவரிப் பள்ளத்தாக்கை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இது: வெவ்வேறு கண்டங்களில் தனித்தனியாகப் பொறுக்க வேண்டிய படிகளில் பல, இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறையில் அடுக்கியிருக்கின்றன.

அடியில் கீழ் மலேரி அடுக்கு, பிரேசிலின் புரியோலெஸ்டஸுக்கு ஏறக்குறைய சமகாலம். அங்கே கிடைத்த சிறு டைனோசர் ஆல்வாக்கேரியா. சங்கர் சட்டர்ஜி 1987-ல் வாக்கேரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கடல் உயிர் இருந்ததால் 1994-ல் மாற்றினார்கள். அதன் எலும்புகளில் வேறு விலங்குகளுடையவையும் கலந்திருக்கின்றன என்பதால் அதை மிக நம்பி எதையும் கட்ட முடியாது. ஆனால் இடம் முக்கியம். 2022-ல் ஜிம்பாப்வேயிலிருந்து பிரேசில் விலங்குகளின் நெருங்கிய உறவான ம்பிரேசாரஸ் வெளியானது. கண்டங்கள் ஒட்டியிருந்த அந்தக் காலத்தில் தென் பிரேசில், அர்ஜென்டினா, ஜிம்பாப்வே, இந்தியா எல்லாம் ஏறக்குறைய ஒரே அட்சரேகைப் பட்டையில் வருகின்றன. மிகப் பழைய டைனோசர்கள் அந்தப் பட்டைக்குள்தான் புழங்கின என்று தெரிகிறது.

அதற்கு மேலே மேல் மலேரியும் கீழ் தர்மாராமும். 2011-ல் இங்கிருந்து நம்பாலியா, ஜக்லபள்ளிசாரஸ் என்று இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டும் உள்ளூர்ப் பெயர்களிலிருந்து எடுத்தவை. மாக்ரோகோல்லத்தை வெளியிட்டவர்கள் தங்கள் விலங்கின் நெருங்கிய சொந்தம் என்று கூட்டிச் சேர்த்தது இந்த ஜக்லபள்ளிசாரஸைத்தான். பிரேசிலின் நீண்ட கழுத்துக்குக் கோதாவரிப் பக்கம் ஒரு பங்காளி.

மேல் தர்மாராமுக்கு வந்தால் ஜுராசிக் பிறந்துவிடுகிறது. அங்கே லாம்ப்ளூசாரா, பிரதானியா. முதலாவது பமேலா லாம்ப்ளூ ராபின்சன் நினைவாக 2007-ல் வைத்த பெயர். சுமார் பத்து மீட்டர் நீளமுள்ள கனத்த விலங்கு. அதைச் சாரோபாட் என்று சேர்ப்பதா, வாசலுக்கு வெளியே நிறுத்துவதா என்று வழக்கு நடக்கிறது. பிரதானியாவின் பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். கழகத்துக்காகக் களத்தில் தொல்லெச்சம் தேடிச் சேகரித்த துய்யா பிரதானின் பெயர் அது. முதலில் எலும்பைப் பார்க்கும் கண்ணுக்குக் கிடைத்த மரியாதை.

எல்லாவற்றுக்கும் மேலே கோட்டா. அங்கே பாராபாசாரஸ் மட்டும் இல்லை. 1970-களின் கடைசியில் யாமன்பள்ளி அருகே இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தினர் தோண்டியதில் 840 எலும்புகள், குறைந்தது 12 விலங்குகள் கிடைத்தன. பி. யாதகிரி 1988-ல் கோட்டாசாரஸ் என்று பெயரிட்டார். ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்பது இதுதான். (அரியலூர் கல்லமேட்டில் கிடைத்து, பிறகு எலும்பு பொடிந்துபோய் விவாதம் மட்டும் மிஞ்சிய பிருகத்காயோசாரஸுக்கு அய்யாசாமியோடு சேர்ந்து பெயர் வைத்த யாதகிரியும் இவரே.) கோட்டாசாரஸ் ஒன்பது மீட்டர். அதற்கும் தலை இல்லை, பற்கள் உண்டு. ஆனால் தொடை எலும்பில் பழைய அமைப்பின் மிச்சம் லேசாகத் தெரிகிறது, இடுப்பெலும்பிலும் பழைய சாயல் இருக்கிறது. ஒரே கோட்டா அடுக்கில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, தூண் வேலை பாதி முடிந்த ஒன்றும் ஏறக்குறைய முடிந்த ஒன்றும். இப்படி ஓர் இணை அரிது.

இதைப் படிக்கட்டு என்று சொன்னால் ஒரு பிழை நுழைந்துவிடும். ஜக்லபள்ளிசாரஸின் பேரன் லாம்ப்ளூசாரா, அதன் பேரன் பாராபாசாரஸ் என்று யாரும் காட்டவில்லை. அந்தந்தக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் யார் குடியிருந்தார்கள் என்பதுதான் அடுக்கு சொல்வது. ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குடிவந்தவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள். ‘சாரோபாட்கள் இந்தியாவில் பிறந்தன’ என்று அவ்வப்போது வரும் தலைப்புச் செய்திகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2023-ல் ஜெய்சல்மேரின் தாரோசாரஸ் வந்தபோதும் அந்தப் பேச்சு கிளம்பியது. அது சாரோபாட்களின் ஒரு பிற்காலக் கிளை, வயதும் 16.7 கோடிதான். கிடைத்த இடம் பிறந்த இடம் ஆகாது. ஜிம்பாப்வேயின் வல்கனோடானும் பாராபாசாரஸோடு பழமைக்குப் போட்டி போடுகிறது. பாராபாசாரஸ் சாரோபாட் மரத்தில் எங்கே உட்காருகிறது என்பதே ஆய்வுக்கு ஆய்வு ஒரு கிளை மேலும் கீழும் நகர்கிறது. சிலர் ‘உண்மைச் சாரோபாட்கள்’ என்ற வட்டத்துக்குள் சேர்த்தார்கள். 2010-ன் முழு விவரணை அதை வட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்தியது. தலை கிடைத்திருந்தால் இந்த ஊசலாட்டம் பாதி குறைந்திருக்கும். வட்டத்தை வரையறுக்கும் அடையாளங்களில் பல மண்டையோட்டில் இருக்கின்றன.

வயது ஏன் வழக்காகிறது

கோட்டா அடுக்கு ஜுராசிக் முற்பகுதி என்று முதலில் சொன்னது மீன்களை வைத்து. ஐரோப்பாவின் ஜுராசிக் முற்பகுதிப் பாறையில் இதேபோன்ற மீன்கள் உண்டு. பிற்பாடு ஆஸ்ட்ரகாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்களைப் பார்த்தவர்கள் மேல்பகுதி ஜுராசிக்கின் நடுப்பகுதிவரை வரலாம் என்றார்கள். பாராபாசாரஸ் கிடைத்தது சுண்ணாம்புக்குக் கீழே, அடிப்பகுதியில். பழமைக்கு அது சாதகம். பொதுவாகச் சொல்லப்படுவது 19.6 கோடிக்கும் 18.3 கோடிக்கும் இடையே.

அந்த 18.3 கோடி என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஏறக்குறைய அப்போதுதான் தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் எரிமலைக் குழம்பு பெருமளவில் வெளியேறி, உலகம் சூடேறி, தாவரங்கள் மாறின. அர்ஜென்டினாவின் படகோனியாவில் கிடைத்த பகுவாலியா என்ற சாரோபாட்டை 2020-ல் வெளியிட்டவர்கள் இதை வைத்து ஒரு வாதம் வைத்தார்கள். அதன் வயது 17.9 கோடி. எரிமலைச் சாம்பல் அடுக்கில் கிடைக்கும் சிர்க்கான் என்ற தாதுவின் மணிகளைக் கொண்டு கணக்கிட்டது, அதனால் உறுதியானது. எரிமலைக்கு முன் பலவகை மென்தழைகள் இருந்தன. பின் சிற்றிலை ஊசியிலை மரங்கள் மேலோங்கின. கடினமான தழை. தடித்த எனாமல் கொண்ட அகன்ற பல்லும் பெரிய உடலும் உள்ள சாரோபாட்கள் அதைச் சமாளித்தன. லெடுமஹாடி வகையறா உட்பட மற்ற நெடுங்கழுத்தர்கள் மறைந்தார்கள்.

இந்த வாதத்தின் நடுவே பாராபாசாரஸை வைத்துப் பார்த்தால் அதன் வயது ஏன் முக்கியம் என்று புரிகிறது. அது 18.3 கோடிக்கு இப்பால் என்றால், தூண்கால், அகன்ற பல், 14 மீட்டர் உடல் எல்லாம் அந்த நெருக்கடி உருவாக்கியவையாக இருக்கலாம் என்று சொல்ல ஓர் ஓட்டை இருக்கும். அப்பால் என்றால், அதாவது கோட்டாவின் அடிப்பகுதிக்கு இப்போது சொல்லப்படும் வயது சரி என்றால், நெருக்கடி வருவதற்கு முன்பே அத்தனையும் சேர்ந்துவிட்டன, எரிமலை எதையும் புதிதாகச் செய்யவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவற்றில் யார் மிச்சம் என்பதை மட்டும் முடிவு செய்தது. வல்கனோடானுக்கு அண்மையில் தரப்பட்டுள்ள வயதும் இந்த இரண்டாவது பக்கத்துக்கே சாய்கிறது. என் ஓட்டும் அங்கேதான். கோட்டாவின் அடிப்பகுதிக்கு மீனையும் ஓட்டுயிரையும் நம்பாத ஒரு வயது, பகுவாலியாவுக்குக் கிடைத்ததுபோல் ஒரு சிர்க்கான் வயது, கிடைத்தால் இந்த வழக்கு அங்கேயே முடியும்.